ஊனோ ஆட்டத்துக்கு ஒரு பத்திரம்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கோபமாகத்தான் பேசினாய். பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்த ஒன்றரை மாதத்தில் பேரனுக்கு ஊனோ சீட்டாட்டத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டேன் என்றும், புனேயில் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லி ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்றும், அவன் அழுதுகொண்டே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றும் சொன்னாய். முறையான சட்டத்தை எழுதி அனுப்புங்கள் என்றாய். முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதிய கைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்பதால், அவன் இங்கே மறந்து வைத்துவிட்டுப் போன, மைன்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் படம் போட்ட ஊனோ கட்டையும், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விதித்தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். அவனுடைய தவறுகளில் பாதிக்கு நான் பொறுப்பு. மீதிப் பாதிக்கும் ஒரு வகையில் நான்தான் பொறுப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொத்து விவரம். சாதாரண ஊனோ கட்டில் 108 சீட்டுகள். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறம். ஒவ்வொரு நிறத்திலும் பூஜ்யம் ஒன்றே ஒன்று, 1 முதல் 9 வரை இரண்டிரண்டு, அதோடு ஸ்கிப் இரண்டு, ரிவர்ஸ் இரண்டு, ப்ளஸ் டூ இரண்டு, ஆக 25. நான்கு நிறத்துக்கும் சேர்த்து நூறு. மீதி எட்டும் கறுப்புச் சீட்டுகள்: நிறம் மாற்றுகிற வைல்டு நான்கு, நிறத்தையும் மாற்றி அடுத்தவர் தலையில் நான்கு சீட்டையும் கட்டுகிற ப்ளஸ் ஃபோர் நான்கு. இப்போது வரும் சில கட்டுகளில் நாமே விதி எழுதிக்கொள்ள வெற்றுச் சீட்டும் சேர்ந்து 112 இருக்கும்.

ஆட்டம் நம் ரம்மியைவிட எளிது. கலைத்து ஆளுக்கு ஏழு போட்டுவிட்டு, மீதியைக் கவிழ்த்து நடுவில் வைத்து, மேல் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். அதன் நிறத்துக்கோ, எண்ணுக்கோ, குறிக்கோ ஒத்துப்போகிற சீட்டை அடுத்தடுத்து இறக்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் பச்சை 6 கிடந்தால் எந்தப் பச்சையும் போடலாம், எந்த நிறத்து ஆறும் போடலாம். கையில் எதுவும் சேரவில்லையென்றால் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டு சேர்ந்தால் அப்போதே அதை இறக்கலாம், இல்லையென்றால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். ஒன்றே ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்பதைக் கோடிட்டுக் கொள். சேருகிற சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது என் சொந்தச் சரக்கு. ஒரே ஆட்டத்தில் அவன் கையில் பதினேழு சீட்டு சேர்ந்துவிட, சின்னக் கையில் விசிறி போலப் பிடிக்க முடியாமல் மடியிலும் முழங்காலுக்கு அடியிலும் செருகி வைத்துக்கொண்டு அவன் விளையாடியதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது, அதனால் திருத்தவில்லை.

ஸ்கிப் போட்டால் அடுத்தவர் முறை போயிற்று. ரிவர்ஸ் போட்டால் சுற்று எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டே பேர் விளையாடும்போது அதுவும் ஸ்கிப்பாகவே கணக்கு. ப்ளஸ் டூ வாங்கியவர் இரண்டு சீட்டு எடுப்பதோடு தன் முறையையும் இழக்கிறார்.

இனி வில்லங்கமான இடங்கள். ப்ளஸ் டூ மேல் இன்னொரு ப்ளஸ் டூவைப் போட்டு, நான்கு ஆறு எட்டு என்று ஏற்றிக் கடைசியில் கையில் இல்லாதவன் தலையில் மொத்தத்தையும் இறக்குவது நம் வீட்டு வழக்கமாக இருந்தது. ஊரெல்லாம் அப்படித்தான் விளையாடுகிறது. ஆனால் 2019 மே மாதம் ஊனோ நிறுவனமே தன் ட்விட்டர் பக்கத்தில் அது செல்லாது என்று அறிவித்துவிட்டது: ப்ளஸ் ஃபோர் விழுந்தால் நான்கை எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டியதுதான், அதன் மேல் ப்ளஸ் டூவை வைத்து ஆறாக்கி அடுத்தவருக்குத் தள்ள முடியாது என்றது. உலகம் முழுக்க ஜனங்கள் அதை ஏற்க மாட்டோம் என்று சண்டைக்குப் போனார்கள். பாத்தியதை உள்ளவரே எழுதிக்கொடுத்த பிறகு அனுபவப் பாத்தியதை பேசுவது என்ன நியாயம் என்று தொழில்முறையில் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் உட்காரும் நால்வரும் முன்னதாகவே ஒத்துக்கொண்டால் அடுக்கிக்கொள்வதில் பாதகமில்லை. சீட்டு போடுவதற்கு முன் பேச வேண்டும், அவ்வளவுதான். கையில் ப்ளஸ் டூவைப் பார்த்த பிறகு பேசக் கூடாது.

ப்ளஸ் ஃபோர் பற்றிய ஷரத்து இதைவிட நுட்பமானது, பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாதது. நினைத்தபோதெல்லாம் அதைப் போட முடியாது. நடுவில் கிடக்கும் நிறத்தில் ஒரு சீட்டுகூட நம் கையில் இல்லாதபோதுதான் போடலாம். அதே எண் வேறு நிறத்தில் இருந்தால் பரவாயில்லை. இருந்துகொண்டே இல்லையென்று போட்டு ஏமாற்றலாம் என்பதும் ஆட்டத்துக்குள் அடக்கம்தான். சந்தேகம் வந்தால், நான்கு எடுக்க வேண்டியவர் 'காட்டு' என்று கேட்கலாம். போட்டவர் தன் கையைக் கேட்டவருக்கு மட்டும் காட்ட வேண்டும். கள்ளம் என்றால் போட்டவரே நான்கை எடுப்பார். நேர்மை என்றால் சந்தேகப்பட்டவர் நான்கோடு இரண்டு சேர்த்து ஆறு எடுக்க வேண்டும். உன் அம்மா ஒரு நாள் மாலை என்னிடம் மூன்று முறை 'காட்டு' என்று கேட்டு, மூன்று முறையும் என்னைப் பிடித்தாள். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டதற்கு, பொய் சொல்லும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறீர்கள் என்றாள்.

கையில் ஒரே சீட்டு மிஞ்சும்போது 'ஊனோ' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் அதற்கு 'ஒன்று' என்றுதான் பொருள். சொல்ல மறந்து, அடுத்தவர் ஆடத் தொடங்குமுன் யாராவது கண்டுபிடித்துவிட்டால் தண்டம் இரண்டு சீட்டு. முதலில் கை காலியானவருக்கு மற்றவர்கள் கையில் மிஞ்சியதெல்லாம் புள்ளியாகச் சேரும்: எண்சீட்டுக்கு அதன் எண், ஸ்கிப், ரிவர்ஸ், ப்ளஸ் டூவுக்கு இருபது, கறுப்புக்கு ஐம்பது. 500 எட்டியவர் வெற்றி. இங்கே தேதி கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினோம்.

அடுத்து மைன்கிராஃப்ட் சமாச்சாரம். இந்த ஊனோவை எத்தனையோ வேடங்களில் அச்சடித்து விற்கிறார்கள். டைனோசர் போட்டது, பொம்மைப்படக் கதாபாத்திரங்கள் போட்டது, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வைத்து வந்தது என்று. படம் மாறினாலும் அடிப்படை மாறாது. அந்தந்தக் கட்டுக்கு என்று தனியாக ஒரு விசேஷச் சீட்டு மட்டும் கூடுதலாக வரும். மைன்கிராஃப்ட் கட்டில் அது க்ரீப்பர். அந்த விளையாட்டில் ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து நின்று வெடிக்கும் பச்சை உருவம் அது. சீட்டிலும் அப்படியே: அதை ஒருவர் போட்டால், அடுத்தவர் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் எல்லோரும் ஆளுக்கு மூன்று எடுக்க வேண்டும். உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் இருப்பது சாதாரணக் கட்டு. அதில் க்ரீப்பர் கிடையாது. இவன் ஒரு வைல்டு சீட்டைப் போட்டு 'க்ரீப்பர், எல்லாரும் மூணு எடுங்க' என்று சொன்னால் அவர்கள் எப்படி ஒப்புவார்கள்? ஒரு சர்வே எண்ணுக்கு எழுதிய பத்திரம் பக்கத்து நிலத்துக்குச் செல்லாது என்று அவனுக்குப் புரியும்படி சொல்.

சண்டை என்றதும் இன்னொன்று. இந்த ஆட்டம் பிறந்ததே இப்படியொரு வீட்டுச் சண்டையில்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டிக்குப் பக்கத்தில் ரெடிங் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் என்பவருக்கும் அவருடைய மகனுக்கும், கிரேஸி எய்ட்ஸ் என்ற பழைய சீட்டாட்டத்தின் விதிகளைப் பற்றி வாக்குவாதம் வந்தது. அதைத் தீர்க்க அவர் 1971இல் புதிதாக ஓர் ஆட்டத்தையே அமைத்தார். வீட்டார் கையிலிருந்ததைத் திரட்டி, 8,000 டாலரில் 5,000 கட்டு அச்சடித்துக் கடையில் வைத்தே விற்றார்கள். பிறகு இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்திய ஒருவரின் குழுவுக்கு, 50,000 டாலர் ரொக்கத்துக்கும் கட்டு ஒன்றுக்குப் பத்து சென்ட்டுக்கும் உரிமையை எழுதிக்கொடுத்தார். 1992இல் அது மேட்டல் நிறுவனத்துக்குப் போயிற்று. மொத்தக் கிரயத்தோடு நிறுத்தாமல் அந்தப் பத்து சென்ட்டையும் எழுதி வாங்கினார் பார், அவர் என்னிடம் வந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன்.

இனி, மீதிப் பாதி. சிவப்பைக் கேட்டால் பச்சையைப் போடுகிறான், கேட்டால் அழுகிறான் என்று பிள்ளைகள் சொன்னதாக நீ போகிற போக்கில் சொன்னாய். அதை ஏமாற்று என்று நினைத்துவிடாதே. இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து நானும் அவனும் மட்டும் விளையாடுவோம். எங்களுக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. ஊருக்குப் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, உன் அம்மா வெளியே வந்தவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, 'ரெண்டு பேரும் என்ன ஆட்டம் ஆடுதீங்க? அவன் பச்சைக்கு மேல சிவப்பைப் போடுதான், நீங்க அதுக்கு மேல பச்சையைப் போடுதீங்க' என்றாள். நாங்கள் இருவரும் சீட்டைக் குனிந்து பார்த்தோம். எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு இது புதிதல்ல. ரயில்வே வேலைக்குத் தேர்வாகி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைப் புரட்டிக் காட்டினார்கள். 1917இல் ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட முறை அது. பல அட்டைகளில் எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன, எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவன் வண்டி ஓட்ட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் பதிவு அலுவலக வாசலில் மேஜை போட்டேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. தகப்பனுக்கு இது இருந்தால் மகள் வழியாக இறங்கும். மகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், அவள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு. கண்ணுக்கு வேறு கேடு எதுவும் இல்லை, பார்வையும் குறையாது. மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிள்ளையிடம் கேட்கும்போது குற்றம் விசாரிப்பது போலக் கேட்க வேண்டாம்.

ஆட்டத்துக்கு வழி இருக்கிறது. சீட்டை இறக்குகிறவர் நிறத்தையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி இறக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல். அது எல்லோருக்கும் பொது விதியாக இருக்கட்டும், அவனுக்காக என்று சொல்ல வேண்டாம். தன் கையில் இருப்பதைப் பிரித்தறியவும் ஏற்பாடு உண்டு. மிகேல் நெய்வா என்ற போர்த்துகல் வடிவமைப்பாளர் உருவாக்கிய கலர்ஆட் என்ற குறிமுறையைச் சேர்த்து 2017இல் ஊனோவை வெளியிட்டார்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெவ்வேறு முக்கோணம், மஞ்சளுக்குச் சாய்கோடு. பச்சைக்கு நீலத்தின் குறியும் மஞ்சளின் குறியும் சேர்ந்து வரும். கண் தெரியாதவர்களும் விளையாட 2019இல் பிரெய்ல் கட்டும் வந்தது. கலர்ஆட் கட்டு கிடைத்தால் வாங்கு.

அதுவரைக்கும் இந்த மைன்கிராஃப்ட் கட்டையே கூரியரில் அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்தால் நிறச்சீட்டு ஒவ்வொன்றின் இரண்டு மூலையிலும் பேனாவால் சி, ம, ப, நீ என்று சிறிதாக எழுதியிருக்கும். உன் அம்மா இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். நான் எடுத்துக் கொடுத்தேன், எழுத என்னை விடவில்லை. கட்டில் ஒன்று குறைந்தது. தேடித் தேடிப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் அரிசிப் பானைக்கு அடியில் கண்டெடுத்தோம். பெட்டியை அதற்குள் ஒட்டிவிட்டதால் அந்தச் சீட்டு இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. எண் 6. நிறம் பச்சையாம், உன் அம்மா சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா