மாதுளையும் மாத்திரையும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்திக்குக் காது குத்தினதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் மாதுளை ஜூஸ் குடிக்கிறாய், பத்து நாளாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று.

சண்முகம், மாதுளை நல்லதுதான். சோதனை செய்து பார்த்தவர்களின் முடிவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பிரஷரின் மேல் அளவு ஏறக்குறைய 5 இறங்குகிறது. மாத்திரை தொடங்குமுன் உனக்கு 170 இருந்தது. அதில் 5 போனால் 165. அதை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருக்கிறாய்? என் அண்ணனும் இப்படித்தான் தெம்பாக இருக்கிறது என்று மாத்திரையை விட்டார். ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, வலது கை விளங்காமல் போயிற்று. இன்றுவரை அண்ணிதான் ஊட்டிவிடுகிறார். பிரஷர் ஏறினால் உடம்பு சொல்லாது, அதுதான் அதில் உள்ள ஆபத்து.

ஜூஸ் குடித்தே ஆகவேண்டும் என்றால் பீட்ரூட் குடி. பழம் இல்லைதான், ஆனால் இந்த விஷயத்தில் பழங்களைவிட அதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. லண்டனில் 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பிரஷர் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் 250 மில்லி கொடுத்தார்கள். மேல் அளவு 8 வரை இறங்கியது. இன்னொரு பாதிப் பேருக்கு அதே நிறம், அதே ருசி, ஆனால் பீட்ரூட்டில் இயற்கையாகவே உள்ள நைட்ரேட் என்ற உப்பை மட்டும் எடுத்துவிட்ட சாறு. அவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. நைட்ரேட்தான் வேலை செய்கிறது என்று அதிலேயே தெரிந்துபோனது. குடிப்பதை நிறுத்தியதும் இரண்டே வாரத்தில் பிரஷர் பழையபடி ஏறிவிட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நம் எச்சிலின் பங்கு. நாக்கில் வாழும் நுண்கிருமிகள்தான் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உள்ளே போய் நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. 2008-ல் நடந்த சோதனையில், சாறு குடித்தவர்களை மூன்று மணி நேரம் எச்சிலை விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். பிரஷர் இறங்கவே இல்லை! கிருமியைக் கொல்லும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிப்பாயானால், அதை விட்டுவிடு. அப்புறம், சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதே, பீட்ரூட் சாயம்தான். ஆனால் உனக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்ததே? கல் சேரக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற பொருள் பீட்ரூட்டில் அதிகம். டாக்டரிடம் கேட்காமல் தினசரி தொடங்காதே.

இன்னொன்று, உன் வீட்டுக் கொல்லையில் இருக்கும் பம்பளிமாஸ் மரம். மேல்நாட்டில் கிரேப்ஃப்ரூட் என்று ஒரு பழம் உண்டு. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பார்படாஸ் தீவில் பிறந்தது. 1989-ல் கனடாவில் டேவிட் பெய்லி என்பவர் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் ருசியை மறைக்க இந்தச் சாற்றைக் கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று நேரத்தைத் தள்ளி வைத்தாலும் போதாது, ஒரு நாளுக்கு மேலும் அதன் வேகம் நிற்கும். பம்பளிமாஸிலும் அதே சரக்கு இருக்கிறது. எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லை, அம்லோடிபினுக்குப் பாதிப்பு குறைவு. சில கொலஸ்டிரால் மாத்திரைகளுக்கு உண்டு. உன் மாத்திரை அட்டைகளின் பெயரை எழுதி அனுப்பு.

எலுமிச்சை ஜூஸில் உப்பு போட்டுக் குடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா? நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் போனால் மிச்சம் எவ்வளவு என்று மதினியிடம் கேள்.

சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்கு வருகிறேன். பிரஷர் பார்க்கும் கருவியையும் கொண்டுவருவேன். அதுவரை காத்திருக்காதே, இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் டாக்டரைப் போய்ப் பார். மாத்திரையைத் தொடங்கிவிட்டாய் என்று ஒரு வரி போன் பண்ணிச் சொல்.

உன்,
கோபால்