காவி வெளிக்கு முன் ஒரு கடைக் கணக்கு: கணித விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் முதலாம் ஆண்டுக்கு ஏகபரிமாண அட்சரகணிதம் (linear algebra) கற்பிக்கும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பில் தமிழ் மொழிமூலம் இணைந்த கணிதம் படித்துவிட்டு வந்து, வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருப்பவள் நான். இந்தப் பாடத்தில் கடந்த ஆண்டு சித்தியடைந்தேன். என் அறைத்தோழி சித்தியடையவில்லை. உயர்தரத்தில் என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவள் அவள். இரண்டாவது தடவை பரீட்சைக்கு அவள் ஆயத்தமானபோது இரவிரவாகக் கூட இருந்து படித்தேன். எனக்கே பாடம் விளங்கியது அப்போதுதான்.

எங்கள் முதல் விரிவுரை காவி வெளியின் (vector space) வெளிப்படையுண்மைகளோடு, அதாவது நிறுவாமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளோடு, தொடங்கியது. எங்களுக்குக் காவி என்றால் பருமனும் திசையும் கொண்ட அம்பு. விசையையும் வேகத்தையும் அப்படித்தான் வரைந்து பழகியிருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் பல்லுறுப்பியும் காவி, சார்பும் காவி என்றாகிவிட்டது. ஏன் என்று கேட்க விரும்பினோம். கேட்பதற்கு வேண்டிய ஆங்கிலம் வாயில் வரவில்லை. தோழியின் கொப்பியை இன்றும் வைத்திருக்கிறேன். ‘கேர்னல்’ (kernel) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். ‘ரேங்க்’ என்பது எங்களுக்குப் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் வரும் சொல். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பது அது. எண்களை நிரை நிரலாக அடுக்கிய ஒரு தாயத்துக்கு (matrix) எப்படி அது இருக்கும் என்று இரண்டு வாரம் குழம்பினோம்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது காலி வீதிச் சாப்பாட்டுக் கடையொன்றின் மூன்று நாள் கணக்கு. முதல் நாள் இரண்டு வடையும் ஒரு தேநீரும்: 220 ரூபாய். இரண்டாம் நாள் ஒரு வடை, இரண்டு தேநீர், ஒரு ரோல்ஸ்: 350 ரூபாய். மூன்றாம் நாள் மூன்று வடை, மூன்று தேநீர், ஒரு ரோல்ஸ்: 570 ரூபாய். தெரியாக் கணியங்கள் மூன்று, சமன்பாடுகளும் மூன்று; விலை கிடைத்துவிடும் என்று தோழி பேனையை எடுத்தாள். சமன்பாடுகளின் எண்களை நிரைகளாக எழுதி, தெரியாக் கணியங்களை ஒவ்வொன்றாக நீக்க, நிரைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துக்கொண்டே வந்தாள்; நீக்கல் முறை என்பது அதுதான். கடைசி நிரை முழுவதும் பூச்சியமாகிவிட்டது. எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று மறுபடியும் செய்தாள். மறுபடியும் பூச்சியம். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மூன்றாம் நாள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதல் இரண்டு நாளையும் கூட்டினதுதான் அது” என்றாள். ஏகபரிமாணச் சார்பு அதுதான். மூன்று நிரையிருந்தும் புதிதாக ஒன்றைச் சொல்பவை இரண்டே, ஆகவே ரேங்க் இரண்டுதான் என்பதும் அதுதான். வரைவிலக்கணத்தை அதன்பிறகு எடுத்துப் பார்த்தபோது அது எங்களைப் பயமுறுத்தவில்லை.

நான் கேட்பது இந்த ஒழுங்கைத்தான். வெளிப்படையுண்மைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. அவற்றின் அழகு இப்போது எனக்குத் தெரியும். அவை பிந்தி வரட்டும். சீனாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணற் குச்சிகளை அடுக்கி ஒருங்கமை சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்த்தார்கள். ஜெர்மனியில் கிராஸ்மன் என்ற பாடசாலை ஆசிரியர் 1844இல் இந்தத் துறையின் ஆழமான கருத்துகளை வெளியிட்டார். இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ அவற்றை வெளிப்படையுண்மைகளாக ஒழுங்குபடுத்தியது 1888இல். அறிஞர்களுக்கே கடைசியில்தான் வந்துசேர்ந்த இடம் அது. பதினைந்து வாரத்தில் முதல் இரண்டு வாரத்தையாவது சமன்பாடுகளுக்கும் வரைபடத்தாளுக்கும் தாருங்கள். ஒரு தாயம் ஒரு சதுரத்தை எப்படிச் சரிக்கிறது, இழுக்கிறது, எந்தத் திசையை மட்டும் திருப்பாமல் விடுகிறது என்பதைக் கையால் வரைந்து பார்த்தவருக்கு அந்தத் திரும்பாத திசையிலுள்ள காவிக்குரிய ஐகன் காவி என்ற பெயர் பிறகு தானாக மனதில் நிற்கும்.

துணிகோவையைப் (determinant), அதாவது ஒரு சதுரத் தாயத்திலிருந்து கணிக்கும் தனி எண்ணைப், பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு நிரைத் துணிகோவைகளை விரித்து விரித்தே எங்கள் பயிற்சி வகுப்புகள் முடிந்தன. நான்கு நிரையை விரித்தால் 24 உறுப்புகள், பத்து நிரையை விரித்தால் 36,28,800. இருபது நிரை என்றால், வினாடிக்கு நூறு கோடி உறுப்புகளைக் கணிக்கும் இயந்திரத்துக்கும் ஏறத்தாழ 77 ஆண்டுகள் பிடிக்கும். அதே துணிகோவையை நீக்கல் முறையில் காண மூவாயிரத்துக்கும் குறைவான பெருக்கல், வகுத்தல்கள் போதும். இந்த ஒரு ஒப்பீட்டை வகுப்பில் சொல்லியிருந்தால், நீக்கல் முறையை ஏன் படிக்கிறோம் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மொழி. விரிவுரை ஆங்கிலத்தில் நடப்பதை நான் எதிர்க்கவில்லை. தாயம், காவி, துணிகோவை, நிரை, நிரல் என்று பாடசாலையில் படித்த சொற்கள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் சிங்களச் சொல்லையும் வைத்து முதல் நாளே ஒரு தாள் தந்தால் போதும். சிங்கள மொழிமூலம் வந்த நண்பர்களும் எங்களைப் போலத்தான் பின்வரிசையில் மௌனமாக இருந்தார்கள்.

தமிழ்ப் பகுதியை நானும் தோழியும் எழுதத் தொடங்கிவிட்டோம். நாற்பது சொற்கள் வரை சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிறிய உதாரணம் இருக்கிறது. ரேங்குக்குக் கடைக் கணக்கு. சிங்களப் பகுதிக்கு எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பிழை திருத்தித் தர உங்களில் ஒருவர் அரை மணித்தியாலம் ஒதுக்கினால், அடுத்த தொகுதி மாணவர் வருவதற்குள் பிரதியெடுத்துவிடலாம். எந்த நாள், எந்த அறை என்று சொல்லுங்கள், வருகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி
வெள்ளவத்தை