காசா, பேட்டரியா? எக்ஸ்ரே படம் எடுத்துத்தான் சொல்ல முடியும்

பெற்றோர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பத்தா, ஆயாமார்களுக்கும் வணக்கம்.

திருவிழாக் கடைகளில் வாங்கும் விளக்கு பொம்மைகளுக்குள் இருப்பது பட்டன் பேட்டரி. கார் சாவி, எடை மெஷின் போன்றவற்றில் வரும் 2032 வகையின் அகலம் 20 மில்லிமீட்டர். ஒரு ரூபாய்க் காசும் ஏறத்தாழ அதே அளவுதான். எனவே பிள்ளை “காசு முழுங்கிட்டேன்” என்றாலும் காசுதான் என்று நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

காசு வயிற்றில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். உணவுக்குழாயில் நின்ற பேட்டரி அப்படியல்ல. ஈரச் சதையில் மின்சாரம் ஓடி, எதிர்மின் முனைப் பக்கம் காரம் உண்டாகும்; 2 மணி நேரத்துக்குள்ளேயே குழாய் வெந்து புண்ணாகலாம். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எக்ஸ்ரே கழுத்து முதல் இடுப்பு வரை, நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். நேர்ப் படத்தில் பேட்டரியின் விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டில் ஓரத்தில் படிக்கட்டுபோல ஒரு படி தெரியும். ஒற்றைக் காசுக்கு இரண்டும் இராது. ஒட்டிக்கிடக்கும் இரண்டு காசுகள் பேட்டரிபோல ஏமாற்றுவதும் உண்டு. மெல்லிய பேட்டரியில் வளையம் தெரியாமலும் போகலாம். காந்தமும் இப்படித்தான்: நேர்ப் படத்தில் ஒன்றாகத் தெரிவது பக்கவாட்டில் இரண்டாக இருக்கலாம். இரண்டும் குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து நசுக்கினால் குடல் ஓட்டையாகிவிடும்.

படமெடுக்கும் முன் அரைஞாண், தாயத்து, செயின், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வெள்ளித் தாயத்து வயிற்றுக்குள் கிடப்பதுபோலவே படத்தில் விழும்!

பல்லாங்குழிச் சோழி எக்ஸ்ரேயில் தெரியும், புளியங்கொட்டை தெரியாது. பிளாஸ்டிக், மரத்துண்டு, மெல்லிய மீன் முள்ளும் பெரும்பாலும் தெரியாது. ஆகவே “படத்தில் ஒன்றுமில்லை” என்பதோடு முடித்துவிடக் கூடாது. எச்சில் வடிந்தாலோ, சாப்பிட மறுத்தாலோ மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். வேர்க்கடலை தின்னும்போது புரையேறி, பிறகு இருமலும் இழுப்பும் நிற்காவிட்டால் அது மூச்சுக்குழாயில் இருக்கலாம்.

வாழைப்பழம், சோற்றுருண்டை கொடுத்துக் கீழே தள்ளும் வழக்கம் வேண்டவே வேண்டாம். விழுங்கியதை வெளியே எடுக்க மயக்க மருந்து கொடுப்பதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. எதுவும் கொடுக்கக் கூடாது என்பதற்கு ஒரே விலக்கு: பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஒரு வயது கடந்து நன்றாக விழுங்கும் பிள்ளைக்கு மட்டும், வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரம் போக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். விழுங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே மாதிரி இன்னொன்று இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய பேட்டரிகளின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தால் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்வோம். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுவாருங்கள்.

தலைமையாசிரியர்,
காரைக்குடி