இந்தப் பெரும்பான்மை இருக்கும்போதே தேர்தல் முறையை மாற்றுங்கள்

பிரித்தானியத் தொழிற்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

அன்புத் தோழர்களே, வணக்கம்.

2024 ஜூலை 4ஆம் திகதி நடந்த தேர்தலில் நம் கட்சி 411 ஆசனங்களை வென்றது. கிடைத்த வாக்கு 33.7 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட ஆசனம். போருக்குப் பிறகு இவ்வளவு குறைந்த வாக்கு விகிதத்தோடு வேறெந்தக் கட்சியும் தனித்து ஆட்சி அமைத்ததில்லை. 2019இல் படுதோல்வி என்று எல்லோரும் எழுதிய தேர்தலில்கூட நமக்கு ஒரு கோடிக்கு மேல் வாக்கு விழுந்தது. 2024இல் கிடைத்தது சுமார் 97 இலட்சம்தான். முதலாவதில் 202 பேர், இரண்டாவதில் 411 பேர். வாக்கு குறைந்தபோது ஆசனம் இரட்டிப்பானது. இதை வெற்றி என்று கொண்டாடிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. தொகுதியில் அதிக வாக்கு பெற்ற ஒருவர் மட்டும் வெல்லும் இந்த முறையை விட்டு, கட்சிக்கு விழும் வாக்குக்கு ஏற்ப ஆசனம் கிடைக்கும் விகிதாசார முறைக்கு மாறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தென்மேற்கு நோர்போக் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழமைவாதக் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் தோற்ற செய்தி விடியற்காலையில் வந்தபோது நானும் மகிழ்ந்தேன். நம் வேட்பாளர் 630 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆனால் அவருக்கு விழுந்தது 26.7 விழுக்காடு. வாக்களித்த நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் வேறு யாரையோ கேட்டார்கள். அந்த மூன்று பேரின் வாக்கும் அன்று காலையோடு முடிந்துபோனது. நாடு முழுக்க நடந்ததும் இதுதான். நைஜல் ஃபராஜின் வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்கு நாற்பது இலட்சத்துக்கு மேல் வாக்கு, ஐந்து ஆசனம். பசுமைக் கட்சிக்கு பதினெட்டு இலட்சத்துக்கு மேல், நான்கு ஆசனம். முதல் கட்சியை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். இரண்டாவது கட்சிக்குப் போனவர்களில் பலர் காசாவுக்காகவும் வீட்டு வாடகைக்காகவும் நம்மை விட்டுப் போனவர்கள். யாராக இருந்தாலும் ஒரு ஆளின் வாக்கு ஒரு வாக்காக எண்ணப்பட வேண்டும். 1838இல் மக்கள் சாசனத்தை எழுதிய, தொழிலாளர் வாக்குரிமைக்குப் போராடிய சார்ட்டிஸ்டுகள் சம அளவுள்ள தொகுதிகளைக் கேட்டது இதற்காகத்தான்.

இடதுசாரிகளிலேயே பலர் இந்தப் பழைய முறையை விரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் கட்சியின் இடதுசாரித் தலைவர் டோனி பென் விகிதாசார முறைக்கு ஆதரவானவர் இல்லை. அவர்கள் சொல்லும் வாதம் 1945. நமக்கு முழுப் பெரும்பான்மை கிடைத்ததால்தான் தேசிய சுகாதார சேவை வந்தது, கூட்டணி என்றால் அது நடந்திருக்காது என்பார்கள். சரி, அந்த ஒரு தேர்தலை வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன நடந்தது? 1951இல் பழமைவாதிகளைவிட நமக்கு அதிக வாக்கு விழுந்தது. ஆட்சி அவர்களிடம் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தது. 1983இல் தட்சருக்கு 42.4 விழுக்காடு வாக்கு, 397 ஆசனம். அவர் ஒரு தேர்தலில்கூட பாதி நாட்டை வென்றதில்லை. அந்தப் பலத்தில்தான் சுரங்கத் தொழிலாளர்களை நசுக்கினார். தொலைபேசியும் எரிவாயுவும் தண்ணீரும் தனியாருக்குப் போயின. 1987இல் ஸ்கொட்லாந்தின் 72 ஆசனங்களில் அவருக்குக் கிடைத்தது பத்து. இரண்டே ஆண்டில், இங்கிலாந்துக்கு முன்பே, ஏழை பணக்காரர் பாராமல் ஆளுக்கு ஆள் விதிக்கும் தலைவரியை அங்கே கொண்டுவந்தார்.

நான் குடியிருக்கும் வீடு கட்டப்பட்டபோது அது நகரசபை வீடு. கதவுக்கு மேலே பழைய நகரசபை இலக்கத் தகடு இன்னும் இருக்கிறது. நகரசபை வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்க வழிசெய்த 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விற்கப்பட்டு, கை மாறி, இப்போது தனியார் ஒருவருக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறேன். பக்கத்துக் கதவில் அதே அளவு வீட்டுக்கு, இன்னும் நகரசபை வாடகையில் இருக்கும் குடும்பம் கட்டுவது என்னுடையதில் பாதிக்கும் குறைவு. ஒரு தலைமுறைக்கே வீடு இல்லாமல் ஆக்கிய இந்த முடிவைப் பெரும்பான்மை மக்கள் ஒருபோதும் கேட்கவில்லை. 1945 நமக்குக் கொடுத்ததைவிட இந்த முறை நம்மிடமிருந்து பிடுங்கியது அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

ஈழத்திலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பிரித்தானியா விட்டுப்போன இதே தேர்தல் முறையில்தான் 1970இல் இலங்கையில் வாக்களிப்பு நடந்தது. 37.9 விழுக்காடு வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனம். 36.9 விழுக்காடு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 91. அந்தக் கட்சியோடு இடதுசாரிகளும் சேர்ந்த கூட்டணி மூன்றில் இரண்டுக்கு மேல் பெற்று 1972 அரசியலமைப்பை எழுதியது. சிறுபான்மையினருக்கு முன்பிருந்த காப்பு அதில் போய்விட்டது. அதை வடித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் தமிழின் சம உரிமைக்காகப் பாராளுமன்றத்தில் எழுந்து பேசிய அதே இடதுசாரி. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 விழுக்காட்டுக்கு 168இல் 140 ஆசனம். அதன் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தன அதை வைத்து நிறைவேற்று ஜனாதிபதி ஆட்சியை உண்டாக்கினார். விகிதாசாரம் வந்த பிறகும் எங்கள் சிக்கல் தீரவில்லை, அது வேறு கதை. ஆனால் வீங்கிய பெரும்பான்மை கையில் இருந்தால் நல்லவர்களும் என்ன செய்வார்கள் என்பதை எங்கள் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன.

இப்போது ரிஃபார்ம் கட்சிக்கு வருகிறேன். விகிதாசாரம் வந்தால் நைஜல் ஃபராஜுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம் என்று உங்களில் பலர் தனிப்பட்ட முறையில் சொல்கிறீர்கள். 14 விழுக்காட்டில் அவர்களைத் தடுத்த அதே மதில், முப்பதைத் தாண்டினால் அவர்களுக்கு ஏணியாகிவிடும். 2025 மே மாதம் கென்ட் கவுண்டி சபைத் தேர்தலில் அதைப் பார்த்தோம். அவர்களுக்கு 37 விழுக்காடு வாக்கு, 81 ஆசனங்களில் 57. அதே நாளில் ரன்கோர்ன் இடைத்தேர்தலில் நம் ஆசனம் ஆறு வாக்கில் போனது. இதே கணக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் நடந்தால், மூன்றில் இரண்டு பங்கு மக்கள் எதிர்த்து வாக்களித்த ஒரு கட்சி குடியேறிகளின் உரிமையையும் மனித உரிமைச் சட்டத்தையும் ஒரே ஆண்டில் தூக்கி எறியலாம். எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத நாடு இது. பாராளுமன்றப் பெரும்பான்மைக்கு மேலே தடுப்பதற்கு ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு உரிய ஆசனத்தை அவர்கள் வாங்கட்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

தொகுதிக்கும் உறுப்பினருக்கும் உள்ள உறவு அறுந்துவிடும் என்கிறீர்கள். ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தை 1999இல் விகிதாசாரத்தோடு அமைத்தது நம் அரசுதான். வட அயர்லாந்துச் சட்டசபையில் ஒரே தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளர் விருப்பப்படி 1, 2, 3 என்று எண்ணிட்டு வாக்களிக்கிறார். எனக்குப் பிடித்தது அந்த முறைதான். பிரச்சினையோடு போகும் ஒருவருக்கு அங்கே தன் கருத்துக்கு நெருக்கமான ஓர் உறுப்பினராவது கிடைக்கிறார். இங்கே ஈஸ்ட்ஹாமில் 2017இல் நமக்கு 83 விழுக்காடு விழுந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும். அங்கே ஒரு முறை வீடு வீடாகப் போனபோது, இரவு வேலை முடிந்து வந்த ஒரு ஐயா வாசலில் நின்று சொன்னார்: “தம்பி, நான் போட்டாலும் போடாட்டியும் இஞ்ச அவர்தானே வெல்லப்போறார். என்னைக் கேக்க ஏன் வாறியள்?” துண்டுப் பிரசுரத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லாக் கட்சிகளின் பணமும் ஆளும் வாக்குறுதியும் இழுபறித் தொகுதிகளுக்குத்தான் போகின்றன.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். பதினாறு வயதினருக்கு வாக்கு என்று 2025இல் அறிவித்தது நல்ல காரியம். மேயர் தேர்தலில் வாக்காளர் இரண்டாம் விருப்பத்தையும் குறிக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவர முன்வந்ததும் அப்படியே. மேயர் பாதிப்பேரின் ஆதரவோடு வர வேண்டும் என்றால், சட்டம் செய்யும் உறுப்பினருக்கு ஏன் அது வேண்டாம்? பழமைவாதிகள் கொண்டுவந்த அடையாள அட்டை விதியால் 2023 உள்ளாட்சித் தேர்தலில் குறைந்தது 14,000 பேர் வாக்களிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். முதியவரின் பஸ் அட்டை செல்லும், இளைஞரின் ரயில் அட்டை செல்லாது என்ற விதி அது. அதைத் தளர்த்துவது போதாது, நீக்க வேண்டும். மக்கள் தெரிவு செய்யாத மேலவையான பிரபுக்கள் சபையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மக்கள் தெரிவு செய்யும் சபையாக அதை மாற்றுவோம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. கீர் ஸ்டார்மர் 2020இல் தலைமைக்குப் போட்டியிட்டபோது தந்த பத்து வாக்குறுதிகளிலும் அது இருந்தது. இருபத்தாறு பிஷப்புகள் இன்னும் அங்கே உட்கார்ந்து சட்டத்துக்கு வாக்களிக்க இடமிருக்கிறது.

1997இல் தேர்தல் முறை குறித்து மக்கள் வாக்கெடுப்பு நடத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதினோம். அடுத்த ஆண்டு தேர்தல் முறையை ஆராய்ந்த ஜென்கின்ஸ் ஆணைக்குழு அறிக்கையும் தந்தது. நமக்கு அப்போது பெரிய பெரும்பான்மை இருந்ததால் அவசரம் தெரியவில்லை, வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2011இல் நடந்த வாக்கெடுப்பு விகிதாசார முறைக்கானது அல்ல. அதைக் காட்டி இந்தக் கதவை மூடாதீர்கள். 2022 லிவர்பூல் மாநாட்டில் தொகுதிக் கிளைகளும் பெரிய தொழிற்சங்கங்களும் சேர்ந்து விகிதாசாரத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றின. அது 2024 தேர்தல் அறிக்கையில் இல்லை. கட்சி அங்கத்தவர்கள் எடுத்த முடிவு எங்கே போனது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

நான் கேட்பது இதுதான். இந்தப் பாராளுமன்றக் காலத்துக்குள், சீட்டுக்குலுக்கி எடுத்த சாதாரண மக்களைக் கொண்ட ஒரு மக்கள் மன்றத்தைக் கூட்டுங்கள். எந்த விகிதாசார முறை என்று அவர்கள் ஓராண்டுக்குள் சொல்லட்டும். 2029இல் வரவேண்டிய தேர்தலுக்கு முன் சட்டமூலத்தைக் கொண்டுவாருங்கள்.

2024 டிசம்பர் 3ஆம் திகதி லிபரல் டெமோக்கிரட் உறுப்பினர் சாரா ஓல்னி விகிதாசார முறைக்கான சட்டமூலத்தை முன்வைக்க அனுமதி கேட்டபோது 138 பேர் ஆதரித்தார்கள், 136 பேர் எதிர்த்தார்கள். நம் கட்சியில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே இல்லை. அடுத்த முறை இது பேரவைக்கு வரும்போது தயவுசெய்து அறைக்குள் இருங்கள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அந்த ஐயா போன்றவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்லப்போவது நாங்கள்.

தோழமையுடன்,
கிழக்கு லண்டனிலிருந்து ஒரு கட்சி அங்கத்தவர்