தெரு உயர, திண்ணை தாழ

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் தம்பி எடுத்தனுப்பிய படங்களும் கிடைத்தன. பாரிஸில் பேத்தி பிறந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி புதுச்சேரி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சுவரடியில் பெயிண்ட் பொரிந்து உதிர்வதைப் பார்த்து, வாட்டர்புரூஃப் சிமென்ட் பூசச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டவே வேண்டாம். அந்தச் சுவரைக் கெடுத்ததே முன்பு பூசிய சிமென்ட்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், தரையிலிருந்து உறிஞ்சிய ஈரத்தைப் பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லின் முகத்தையே உதிர்க்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் உன் படங்களிலேயே பதில் இருக்கிறது. உங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய படத்தில் தாழ்வாரத்துக்கு மூன்று படி. தம்பி எடுத்ததில் ஒன்றரைதான் மிச்சம். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 40 மி.மீ. போட்டுக்கொண்டே போனால், ஐந்து தடவையில் எட்டு அங்குலம். ஒரு படிக்கு மேல் போயிற்று. அதோடு சுவரை ஒட்டி நடைபாதைக்கும் சிமென்ட் போட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீருக்கு ஆவியாக வேறு இடமில்லை, சுவரில் ஏறுகிறது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். 1693-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் தெருக்களை நேர்க்கோடுகளாக வரைந்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டியதும் பெரும்பாலும் அந்தக் கோடுகளின் மேல்தான். கோடு இன்றும் அப்படியே இருக்கிறது. மட்டத்தைத்தான் யாரும் காக்கவில்லை.

வைசியாள் வீதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகரச் சீரமைப்புத் திட்டத்தில் அங்கே வரிசையாகப் பல முகப்புகளைச் சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஒற்றை வீட்டை எடுக்காமல் தெருவையே ஒரு பொருளாக எடுத்ததுதான் அங்கே நடந்த நல்ல காரியம். தாழ்வாரத்தின் ஓட்டுச் சரிவு ஒரே கோட்டில் ஓடினால்தான் அது தமிழ்த் தெரு. நடுவில் ஒருவர் கார் நிறுத்த இடித்துவிட்டால் இருபக்கமும் பொக்கைவாய். மேரி கட்டடத்தின், அதாவது பழைய பிரெஞ்சு நகராட்சிக் கட்டடத்தின், கதை உனக்குத் தெரியும். 2014 நவம்பர் மழையில் இடிந்தது, அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நகலுக்கு ஆன செலவில் சிறு பகுதியை முன்கூட்டியே கூரைக்குப் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

கூரை என்றதும் உன் மாடித் தளம். அது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நெட்டுக்குத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்–வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது, மேலே தட்டையான ஓடு பதித்தது. ஒழுகுகிறது என்று அதன் மேல் நான்கு அங்குலம் கான்கிரீட் போடச் சம்மதிக்காதே. பத்துக்குப் பத்து அறையிலேயே இரண்டு டன்னுக்கு மேல் பாரம் ஏறும். தளம் பெரும்பாலும் நடுவில் போவதில்லை. விட்டத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் உளுக்கும். மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் அங்கே தேங்குவதுதான் காரணம். தம்பியை ஒரு ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு நுனியையும் குத்திப் பார்க்கச் சொல். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த விட்டத்துக்கு அடியில் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும். அந்த இடத்தில் நாலு செங்கல்லைக் கழற்றி வேரோடு எடுத்துவிட்டு, திரும்பக் கட்ட வேண்டும்.

சுவர் வேலையை ஐப்பசி கார்த்திகையில் தொடங்காதீர்கள். தை முடிந்ததும் ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமென்டைக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரைச் சும்மா விடுங்கள். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுக்க வேண்டும். கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். பிறகு செங்கல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டி, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து அடைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் இரண்டு பூச்சு. இரண்டு வாரமாவது சாக்கு நனைத்துப் போட வேண்டும். கொத்தனார்கள் அவசரப்படுவது இங்கேதான். வெயிலில் சட்டென்று காய்ந்த சுண்ணாம்பு மாவாக உதிரும். மேலே வெள்ளையடித்தால் போதும், எமல்ஷன் பெயிண்ட் ஆகாது.

இதெல்லாம் பிறகு. வாசல் நிலைப்படியிலிருந்து தெரு வரை மட்டக்குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து உயரத்தை அளந்து, தேதி போட்டு எழுதி வைக்கச் சொல். அடுத்த தடவை தார் போட வருமுன் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுத அந்த அளவு வேண்டும். பக்கத்து நாலு வீட்டு அளவையும் சேர்த்து எனக்கு அனுப்பு, மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கதிர்