ஞாயிறு மாலை 6 மணி: குடியை நிறுத்த உதவும் கூட்டங்கள் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டம் நம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று சிலர் என்னிடம் தனியாகக் கேட்டிருந்தீர்கள். வரும் ஞாயிறு (15ஆம் தேதி) மாலை 6 மணிக்கு, பி பிளாக் ஹாலில், ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்பவர்களின் அமைப்பு) உறுப்பினர்கள் இருவர் வந்து விளக்குகிறார்கள். ஏரியாவாரியாகக் கூட்டப் பட்டியலும் கொண்டுவருவார்கள்.

1. ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

2. திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். போகுமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. குடிப்பவர் எங்கும் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

4. முக்கியம்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். "மனசு வெச்சா நிறுத்திடலாம்" என்று வீட்டில் அடைத்துவைக்காதீர்கள்.

5. ஞாயிறு வரை காத்திருக்க முடியாதவர்கள் மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை.

வருபவர்கள் குழுவில் பெயர் போட வேண்டாம். எத்தனை பேர் என்று மட்டும் வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், நாற்காலி போட வேண்டும். போட்டோ கூடாது. யார் வந்தார் என்று லிஃப்டில் பேச்சும் கூடாது.

இதன் கீழே கைகூப்பும் எமோஜி போடாதீர்கள், அறிவிப்பு மேலே போய்விடும்.

- செயலாளர்