ஆறாம் நாளின் இரண்டு ஓமர்

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அக்கா எழுதுவது. அம்மாவும் அப்பாவும் சுகமாயிருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே வேலைக்கு வர ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தாய். "விசுவாசத்தோடு கிளம்பினால் மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்தானே அக்கா?" என்றும் கேட்டிருந்தாய். பார்த்துக்கொள்வார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொண்டு வா.

இங்கே வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள்; சம்பளமோ மாதம் முழுக்க உழைத்த பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். கைக்காசு குறையக் குறைய, அடுத்த மாதக் கவலை, அதற்கடுத்த மாதக் கவலை எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

யாத்திராகமம் 16-ஐ இப்போதே நிதானமாக வாசித்து வை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் நாள்தோறும் கொடுத்த ஆகாரம்தான் மன்னா. தலைக்கு ஒரு ஓமர் என்பது அளவு, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 லிட்டர். காலையிலேயே போய்ச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் உருகிவிடும். சொல்லை மீறி மறுநாளுக்கு மிச்சம் வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர். ஓய்வுநாளுக்கென்று வைத்த அது கெடவில்லை. மன்னா ஒன்றுதான். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று வைத்தது நாறியது, அவர் சொல்லி வைத்தது நின்றது. ஆகவே சேமிப்பதே அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து மூன்றுக்கும் போதுமானதைச் சேர்த்துக்கொண்டு வா. வட்டிக்கு வாங்கிக்கொண்டு விமானம் ஏறி, அதற்கு விசுவாசம் என்று பேர் வைக்காதே.

வந்ததும் ஒரு நோட்டுப் போடு. ஊழியர் ஜார்ஜ் முல்லரைக் கேள்விப்பட்டிருப்பாய். பிரஷ்யாவில் பிறந்து 1829-ல் இங்கிலாந்துக்குப் போனவர். அவரும் போன தேசத்தில் அந்நியர்தான். 1836-ல் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். கடன் வாங்குவதில்லை, மனிதரிடம் கேட்பதில்லை என்பது அவர் தீர்மானம். ஆனால் எழுதி வைப்பதில் கறாரானவர்: வந்த காணிக்கை, ஜெபித்த காரியம், பதில் வந்த நாள் எல்லாம் குறிப்பில் இருக்கும். நீயும் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் தேவையையும் கேட்ட தேதியையும், வலப்பக்கம் கிடைத்த தேதியையும் வந்த வழியையும் எழுது. "ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதினால் பதில் வந்ததா இல்லையா என்றே தெரியாது. "வெள்ளிக்கிழமைக்குள் குளிருக்கு ஒரு கோட்" என்று எழுது. வலப்பக்கம் காலியாகவே நிற்கும் வரிகளை அடித்துவிடாதே. தன் சரீரத்தில் முள் என்று சொன்ன உபத்திரவம் நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் கிடைத்தது. அதுவும் பதில்தான், வலப்பக்கம் எழுதலாம்.

பெலனைப் பற்றி ஒன்று. நைட் ஷிப்ட் முடித்து வந்து முழங்கால் போட்டால் ஜெபம் வராது. உடனே விசுவாசத்தில் பின்வாங்கிப்போனேன் என்று முடிவு கட்டிவிடுவார்கள் பலர். 1 இராஜாக்கள் 19-ஐப் பார். சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். அவர் சாப்பிட்டு மறுபடி படுத்தார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு 40 நாள் நடந்தது அந்தச் சாப்பாட்டின் பெலத்தில். அதனால் முதலில் சாப்பிடு, தூங்கு. எழுந்து வேதத்தைத் திற.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐச் சுவரில் ஒட்டுகிறவர்கள் 12-ம் வசனத்தையும் சேர்த்து ஒட்டினால் தேவலை. பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் பழகிய பவுல் சொன்ன பெலன் அது. பதவி உயர்வுக்கான வாக்குத்தத்தம் அல்ல. அதே அதிகாரத்தில் அவர் தேவைக்கான உதவி எப்பாப்பிரோதீத்து என்ற மனிதன் கையில் வந்து சேர்கிறது. ஆகவே சபையில் இரண்டு பேருக்காவது உன் நிலைமை தெரிந்திருக்கட்டும். முல்லரின் தீர்மானம் அவர் ஊழியத்துக்கு. உனக்கு அது கட்டளையல்ல. ஞாயிறு வேலை போட்டுவிட்டால் வாரநாள் ஜெபக்கூட்டம் எங்கே என்று விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் சம்பளம் எந்தத் தேதியில், முன்பணம் பிடிப்பார்களா என்று வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. அந்தப் பதில் வந்ததும் எனக்கு எழுது. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா